பூசை போடாத லோரி

1

நான் மலேசியாவின் கெடாவுக்கு வந்து இறங்கியது ஓர் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. ஆங்கிலத் தேதி பழைய கடவுச்சீட்டின் முத்திரையில் இருக்கிறது. தமிழ் மாதமும் கிழமையும் என் நினைவில் இருக்கின்றன. ஆவணி பிறந்ததும் வருகிற முதல் வெள்ளியை அந்த நாளாக வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் எதையாவது செய்வேன். ஓர் ஆண்டு பினாங்குப் பாலத்தைக் கடந்துபோய்க் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இன்னோர் ஆண்டு மனைவியும் மகளும் கேக் வாங்கினார்கள். என்ன விசேஷம் என்று சொல்லத் தெரியாமல் நின்றதில் கடைக்காரர் பிறந்தநாள் வாழ்த்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதையே வெட்டிச் சாப்பிட்டோம்.

இந்த ஆவணியில் வீட்டில் யாரும் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மனைவி புஷ்பா ஷா ஆலாம் போயிருக்கிறாள். மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனாள். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை முடிந்து சுங்கைப் பட்டாணிக்குத் திரும்பினால், பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசையில் விளக்கு எரியாத வீடு எங்களுடையது மட்டும்தான். சாவியைத் திருப்பும் சத்தம் இவ்வளவு பெரியது என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

ஆகவே அந்த வெள்ளி மாலை வழக்கம்போலச் சாலையோர ஒட்டுக்கடையில் தேநீருக்கு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அங்கே எனக்கு ஒரு துணை உண்டு. மணியம், என்னைவிடப் பத்து வயது இளையவர். கூலிமுக்குப் பக்கத்தில் இப்போது வீட்டுமனையாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வருடமாக லோரி ஓட்டுகிறார். நம் ஊர் லாரிதான் இங்கே லோரி. நான் நாமக்கல்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து, லோரிகளின் சொந்த ஊரிலிருந்து வந்தவன் என்ற மரியாதை எனக்கு. ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றிய அனுபவம் இல்லாதவன் என்று பலமுறை சொல்லியும் அவர் நம்பவில்லை.

அன்று அவர் சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்தார். இந்த மாதிரித் தாளை இங்கே சூராட் என்பார்கள்.

"அண்ணே, இந்த சூராட்ட கொஞ்சம் பாருங்க. லோரி எடுக்கப் போறேன்."

"வாங்கப் போறீங்களா தம்பி?"

"வாங்குற மாரிதான். கம்பெனி குடுக்குது. ஓட்டிக்கிட்டே கட்டணும். கட்டி முடிச்சா நம்மளுது லா."

நாமக்கல்லில் இதை வாசிக்கிறவர்களுக்கு விவரமாகவே சொல்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இது சொந்தக் கதையாக இருக்கும். மணியம் ஓட்டுவது தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் பத்துச் சக்கர லோரி. கம்பெனி அவருக்கு அப்படி ஒரு பழைய வண்டியை வாடகைக்குக் கொடுக்கும். ஒவ்வொரு மாதமும் நடைக்கூலியில் தவணையைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து வருடம் முடிந்தால் வண்டி அவர் பெயருக்கு மாறும். அதுவரை பதிவு கம்பெனி பெயரில். டீசல், டயர், பழுது எல்லாம் மணியத்தின் பொறுப்பு. சுமை கம்பெனி கொடுப்பதை மட்டும் ஏற்ற வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் கட்டியது எல்லாம் வாடகைக் கணக்கில் போய்விடும்.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி மட்டும் என்னை நிறுத்தியது. முதல் மூன்று மாதத்துக்குள் ஓட்டுநர் விரும்பினால் வண்டியைத் திருப்பித் தரலாம். முன்பணமும் திரும்பக் கிடைக்கும். அப்படித் தந்துவிட்டால் ஒருவருக்கொருவர் எந்தப் பொறுப்பும் இல்லை.

"எழுதினவர் நியாயமான ஆளாட்டம் தெரியுதே," என்றேன். "இப்படி எத்தன பேரு திருப்பிக் குடுத்திருக்காங்க?"

மணியம் யோசித்தார். "யாரும் குடுத்தது இல்லண்ணே."

"ஏன்?"

"தெரியலயே. எல்லாருக்கும் நல்லா ஓடுதோ என்னமோ."

2

பதில் அடுத்த வெள்ளி கோயில் வாசலிலேயே கிடைத்தது. அதே கம்பெனியின் இன்னொரு லோரிக்கு அன்று பூசை. புதிதாக எடுத்த ஓட்டுநரைப் பார்க்க மணியமும் வந்திருந்தார்.

வண்டியைக் கழுவி, முகப்பில் ஆளுயர மாலை போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு மேலே ஒரு பட்டையில் ஓட்டுநரின் மகள் பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள். எழுதிய செலவு கம்பெனியுடையது. முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஓட்டுநரின் மனைவி பட்டுச் சேலையில், பிள்ளை பாவாடை சட்டையில். குருக்கள் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்க, ஓட்டுநர் தம் மகளின் பெயரையே சொன்னார். கம்பெனி முதலாளி தமிழர். கற்பூரத் தட்டைத் தாமே வாங்கி அந்தக் குடும்பத்தின் முன் நீட்டினார். பூசணிக்காய் உடைந்தது. பழங்களை நசுக்கிக்கொண்டு லோரி ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. எல்லாரும் சேர்ந்து ஒரு படம். இப்படிப்பட்ட படங்கள் அவர்கள் அலுவலகச் சுவர் முழுக்க இருக்கின்றனவாம்.

"முதல் வாரமே இத செஞ்சிருவாங்களா?"

"மொத வெள்ளி. பாஸு சொந்தக் காசு. நல்ல மனுசண்ணே."

நல்ல மனிதராகவே இருக்கலாம். அவர் முகத்தில் நான் பார்த்தது பக்திதான். ஆனால் அந்த மூன்று மாத வரியை யாரும் ஏன் தொடவில்லை என்பது எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. மகளின் பெயரை நெற்றியில் எழுதி, அவள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்து, சொந்தக்காரர் முன்னிலையில் சுற்றிப் போட்ட வண்டியை எந்தத் தகப்பன் திருப்பிக் கொடுப்பான்? கொடுத்தால் ஊர் அதைக் கணக்காகப் பார்க்காது. பிள்ளை பேர் வைத்தும் வண்டி தங்கவில்லை என்று சொல்லும். பழி அந்தப் பிள்ளையின் தலையில் விழும். திரும்பும் வழி தாளில் இருந்தது. அதன் மேல் மாலை விழுந்துவிட்டது.

மணியத்தின் மகள் தர்ஷினி படிவம் மூன்று, நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு, படிக்கிறாள். அவள் பெயரை எந்த நிறத்தில் எழுதுவது என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

3

ஓட்டுநர்கள் இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குள் போகலாமா என்று கேட்டால், போகவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நம் ஊரில் கிளீனராக ஏறி ஓட்டுநராகி, ஃபைனான்ஸில் ஒரு வண்டி எடுத்து முதலாளி ஆனவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. என் அண்ணன் தங்கவேலும் அப்படி ஒரு வண்டி வைத்திருந்தார். தவணை தவறி ஓசூர் ரோட்டில் வண்டியை மறித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். அண்ணியிடம் வந்து, "சாவியக் குடுத்துட்டேன்" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். ஆனாலும் ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருந்தது. ஈரோட்டில் சுமை கிடைக்காவிட்டால் சேலத்தில் ஏற்றலாம். ஒரு புக்கிங் ஆபீஸ் முகத்தைத் திருப்பினால் அடுத்த ஆபீஸ் படி ஏறலாம். கடன் கொடுத்தவன் வேறு, சரக்கு கொடுத்தவன் வேறு.

மணியத்தின் தாளில் இரண்டும் ஒரே ஆள். நடை குறைத்துக் கொடுக்கிறவரும் அவரே, நடை குறைந்ததால் தவணை நிற்கிறது என்று சொல்லப் போகிறவரும் அவரே. அவர் நல்லவராக இருக்கும்வரைதான் ஒப்பந்தம் நல்லது. ஒரு மனிதர் ஐந்து வருடம் தொடர்ந்து நல்லவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் பாரம்தான். வண்டி தருகிறவரும் சுமை தருகிறவரும் வேறு வேறாக இருந்தால் போங்கள்; ஒருவராகவே இருந்தால், திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். என் கருத்து இவ்வளவுதான்.

அந்த வழியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் மலேசியாவுக்குப் புறப்பட்ட வாரம் அப்பா நாமக்கல் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் தெரு வரைக்கும் சுவரொட்டி ஒட்ட வைத்தார். கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். இரண்டு காதும் தெரியும். "மலேசியா செல்லும் எங்கள் பொறியாளரை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." கீழே மாமன் மச்சான் பெயர்கள், வயது வரிசைப்படி. யார் பெயர் முதலில் என்பதில் ஒரு சண்டையும் நடந்தது.

என் வேலை ஒப்பந்தத்திலும் முதல் மூன்று மாதம் பயிற்சிக் காலம். பிடிக்கவில்லை என்றால் திரும்பும் பயணச்சீட்டைத் தொழிற்சாலையே தரும். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூலிம் விடுதி அறையில் நான் பெட்டியைக் கட்டினேன். அறையில் மற்ற மூவரும் இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மழை. யாரோடும் தமிழில் பேசி நாலைந்து நாள் ஆகியிருந்தது. சுவரில் என் முகம் ஒட்டியிருக்கிற தெருவுக்குள் எப்படி நுழைவது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை மறுபடி கொடியில் போட்டேன். இருபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன.

4

மணியத்தின் வீட்டுக்குப் போய் என் யோசனையை மட்டும் சொன்னேன். ஓட்டிப் பாருங்கள், பூசை மட்டும் மூன்று மாதம் கழித்துப் போடுங்கள் என்று. அவர் மனைவி லெட்சுமி கூலிம் தொழிற்சாலை ஒன்றில் ஆப்பரேட்டர். வேலை முடிந்து வந்த சீருடையோடு நின்று கேட்டார்.

"என்ன சார் சொல்றீங்க. பூசை போடாத வண்டியில ஆள அனுப்பச் சொல்றீங்களா? தோட்டத்து ரோடு. மழைக்காலம்."

"வண்டி இன்னும் உங்களது இல்லீங்கம்மா."

"வண்டி யாருதா இருந்தா என்ன, உள்ள ஒக்காந்திருக்கிறது எங்க வீட்டு ஆளு."

மணியம் தரையைப் பார்த்தார். தர்ஷினி உள்ளேயிருந்து, "பா, என் நேம் போடலன்னா பரவால்ல. ஃப்ரெண்ட்ஸ் பாத்தா மாலு லா," என்றாள். மாலு என்றால் வெட்கம். லெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்க் கையில் மிளகாயும் உப்பும் எடுத்து வந்தார்.

"சரி. லோரிக்கு வேணாம்னா வேணாம். ஓட்டுறவருக்குச் சுத்திப் போட்டுக்கிறேன். அத எந்த சூராட்டுல எழுதியிருக்கு? நில்லுங்க நேரா."

மணியம் கிழக்கே பார்த்து நின்றார். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு வெள்ளியும் அந்த வீட்டில் மிளகாய் வெடித்தது.

அன்றைக்கே புஷ்பாவிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவள் சுங்கைப் பட்டாணியில் பிறந்து வளர்ந்தவள், நேராகப் பேசுவாள்.

"அவரு லோரி எடுத்தா வாரம் பூரா ஓடுவாரு. வெள்ளிக்கிழம உங்களுக்குத் தே குடிக்க ஆள் இருக்காது. அதான் தடுக்குறீங்க."

"நான் தடுக்கல. பூசையத்தான் தள்ளிப் போடச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் லா," என்றாள். பின்னால் குழந்தை அழுதது. "வெக்கிறேன். பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்தாள்.

சாப்பிட்டாயிற்றா என்பதை இங்கே இப்படித்தான் கேட்பார்கள். முன்பு ஒருமுறை ஊருக்குப் போனபோது நானே அண்ணனைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா" என்று கேட்டுவிட்டேன். அவர் வீடு முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். இங்கே "போயிட்டு வாங்க" என்று நான் இழுக்கும்போது தொழிற்சாலையில் சிரிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் சிரிப்பு அன்பானதுதான். இரண்டு இடத்திலும் அது ஓர் ஆளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது.

புஷ்பா சொன்னது பொய்யென்றும் என்னால் சொல்ல முடியவில்லை. மணியம் லோரி எடுத்த பிறகு வெள்ளி மாலைகளில் நான் தனியாகத்தான் உட்கார்ந்தேன். கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு குவளை கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்.

5

புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. கம்பெனி வளாகத்தில் எல்லா வண்டிக்கும் வரிசையாகப் பூசை. மேற்பார்வையாளர் குமரன் மணியத்தின் லோரியைக் காட்டி எல்லார் காதிலும் விழும்படி கேட்டாராம்.

"எல்லா லோரியும் மாப்புள்ள மாரி நிக்குது. உன் லோரி மட்டும் ஏன்டா மொட்டையா நிக்குது? என்ன, வேதத்துல சேந்துட்டியா?"

மணியம் நேரே என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க பேச்சக் கேட்டு நான் அங்க அசிங்கப்பட்டேன்ணே. சந்தனம் குங்குமமாச்சும் வெச்சிருப்பேன். அதுவும் இல்லாம நின்னுச்சு. பாஸு ஒண்ணும் கேக்கல. அதான் எனக்கு இன்னும் ஒரு மாரி இருக்கு."

"இப்பக்கூடப் போடலாம் தம்பி. உங்க வண்டி, உங்க இஷ்டம்."

"என் வண்டின்னா நீங்க ஏன் வேணாம்னீங்க?"

காப்பி வேண்டாம் என்றார். போனார். அடுத்து மூன்று வாரம் தெருவில் பார்த்தாலும் கையை மட்டும் தூக்குவார்.

தீபாவளிக்கு ஷா ஆலாம் போனேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணு, சாமி என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பேபிகிட்ட ஒரே லேங்குவேஜ்ல பேசணுமாம். மிக்ஸ் பண்ணா கன்ஃபியூஸ் ஆயிடுவாளாம்."

"எந்த மொழியில?"

"இங்கிலீஷ் லா பா."

அவள் முகத்தில் ஒரு கடுமையும் இல்லை. படித்ததைச் சொன்னாள். நான் குழந்தையோடு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது. புஷ்பா இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். என் நிரந்தரவாசச் சிவப்பு அட்டை தொடர்பாகத் திங்களன்று பதிவு அலுவலகம் போக வேண்டியிருந்ததால் நான் மட்டும் திரும்பினேன். குடியுரிமை விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று அன்றும் கேட்டேன். சன்னலில் இருந்த இளம்பெண் திரையைப் பார்த்துவிட்டு, இன்னும் பரிசீலனையில் இருக்கிறது ஐயா, பொறுங்கள் என்று மலாயில் அழகாகச் சொன்னாள். முதல்முறை விண்ணப்பித்தபோது அவள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

6

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்றும் இங்கே செம்பனைக் குலை நிறைய விழும் காலம். மணியத்துக்கு நடை ஓயவில்லை. தவணை போகவும் கையில் நின்றது. ஐப்பசிக் கடைசியில் மழை இறுகியது. தோட்டத்து மண்சாலையில் சக்கரம் புதைந்து ஒரு நாள் போயிற்று. டயர் ஒன்று கிழிந்தது. ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. சம்பளக்காரனாக இருந்தபோது அந்த வரிசையில் நிற்பதும் வேலை. இப்போது அது அவர் சொந்த நேரம். காய் இன்னும் குறையப் போகிற மாதங்கள் முன்னால் இருந்தன. மூன்று மாதக் கெடு முடிய ஒரு வாரம் இருந்தது.

அந்த வெள்ளி ஒட்டுக்கடைக்கு வந்தார். கடைக்காரர் இரண்டாவது குவளையை இந்த முறை எடுத்துக்கொண்டு போகவில்லை.

"நாளைக்குக் குடுத்துறலாம்னு இருக்கேண்ணே. காடியில வந்து என்னைய ஏத்திக்கிட்டு வர்றீங்களா? திரும்பி வர லோரி இருக்காதுல்ல."

கூலிம் போகும் வழியில் இருந்த அந்த வளாகத்துக்கு மறுநாள் காலை போனேன். மணியம் லோரியிலிருந்து ஒரு தலையணை, தண்ணீர்ப் புட்டி, துண்டு மூன்றையும் எடுத்து என் காரில் வைத்தார். வேறு ஒன்றும் எடுக்க இல்லை. அவிழ்க்க மாலை இல்லை. சுரண்ட எழுத்து இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது, வந்தபோது இருந்ததுபோலவே.

குமரன் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கு இதை என்ன செய்வது என்று உண்மையாகவே தெரியவில்லை. இதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை.

"ஏன்டா மணியம், அன்னிக்கே ஒரு பூசைய போட்டிருந்தா இப்புடி அம்போன்னு விட்டுட்டுப் போவியா?"

"போட்டிருந்தா போவ முடியாதுண்ணே," என்றார் மணியம். "அதான் போடல."

குமரன் அலுவலகச் சுவரில் இருந்த படங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒப்பந்தத்தில் முதலாளியின் கையெழுத்து வாங்கிவந்தார். முன்பணம் அடுத்த வாரம் வரும் என்றார். வந்துவிட்டது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மணியம் இப்போது வேறோர் இடத்தில் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். வண்டி எடுக்கும் ஆசை போய்விட்டதா என்று கேட்டேன். இல்லையாம். கிராண்ட் என்கிற பதிவுச் சீட்டில் தன் பெயர் இருக்கிற, எங்கே வேண்டுமானாலும் சுமை ஏற்றக்கூடிய ஒரு சின்ன லோரியாகப் பார்த்து வைத்திருக்கிறாராம். அதற்குத் தர்ஷினி எவ்வளவு வெட்கப்பட்டாலும் பெயர் எழுதப்போவது உறுதி.

நான் சொல்ல வந்தது திரும்பும் வழியில் காரில் நடந்தது. மழை விட்டிருந்தது. மணியம் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேசான மனிதராகத் தெரிந்தார்.

"அண்ணே, இந்தப் பூசை விசயம் உங்களுக்கு மட்டும் எப்புடி தோணுச்சு? நாங்க அத்தன பேரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்."

இருபத்தேழு ஆண்டுகளில் யாரும் கேட்காததால் நான் சொல்லாதிருந்ததை அப்போது சொன்னேன். அப்பாவின் சுவரொட்டி, இரண்டு காதும் தெரிகிற படம், மாமன் மச்சான் பெயர்கள், கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை, கட்டிய பெட்டி. மணியம் காது வர்ணனைக்கு நன்றாகச் சிரித்தார். பெட்டியைப் பிரித்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினார். பாக்கார் ஆராங் சிக்னலில் நின்றோம்.

"தாளுல அடிச்சுச் செவுத்துல ஒட்டுனதுதானேண்ணே," என்றார். "அது ஒரு மழைக்குத் தாங்காதே."

பச்சை விழுந்தது. அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். லெட்சுமி கையில் மிளகாயோடு நின்றுகொண்டிருந்தார். கடைசியாக ஒரு தரம் சுற்றிப் போடுவதற்கு.

நான் புறப்பட்டு வந்த ஆண்டு ஐப்பசி அடைமழையிலேயே சுவரொட்டி எல்லாம் கிழிந்து சாக்கடையில் போய்விட்டது என்று அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது சொல்லி வருத்தப்பட்டிருந்தார். நான் பெட்டியைக் கட்டியதும், சுவரொட்டியை நினைத்துப் பிரித்ததும் அதற்குப் பிறகு, கார்த்திகையில். இதை மணியத்திடம் நான் சொல்லவில்லை.